இஸகாயாவில் முதல் மாலை: கதவைத் தள்ளுவதில் இருந்து பில் கட்டுவது வரை

டோக்கியோவில் ஷின்ஜுகு ஸ்டேஷனின் மேற்குப் பக்கம், ரயில் பாதையை ஒட்டி ஓமோயிதே யோகோச்சோ என்றொரு சந்து இருக்கிறது. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் தோளைச் சாய்த்துக்கொண்டுதான் போக வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு கறுப்புச் சந்தையாக முளைத்த இடம். இன்று இரு பக்கமும் பத்துப் பேர் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் சின்னச் சின்ன இஸகாயாக்கள், அதாவது குடித்துக்கொண்டே சாப்பிடும் கடைகள், கரி அடுப்பின் புகை, சிவப்புக் காகித விளக்குகள். சாயங்காலம் ஆறு மணிக்கு அங்கே நின்று பாருங்கள். வெளிநாட்டுப் பயணிகள் கூட்டம் கூட்டமாக ஒரு முனையில் நுழைகிறார்கள், படம் எடுக்கிறார்கள், கடைகளை எட்டிப் பார்க்கிறார்கள், மறுமுனையில் வெளியேறிவிடுகிறார்கள். அப்புறம் ஏதாவது ஒரு பர்கர் கடையில் உட்கார்ந்திருப்பார்கள்.

அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு கேட்காது. பசி இருக்கிறது, ஆசை இருக்கிறது, கையில் பணமும் இருக்கிறது. உள்ளே போனால் என்ன கேட்பார்கள், நாம் என்ன சொல்ல வேண்டும் என்பது மட்டும்தான் தெரியவில்லை. அதைத்தான் இங்கே முதலில் இருந்து வரிசையாகச் சொல்லப் போகிறேன். குடிக்காதவர்களும் சைவம் சாப்பிடுகிறவர்களும் இதை மூடிவிட்டுப் போக வேண்டாம். உங்களுக்கும் வழி இருக்கிறது, கொஞ்சம் கூடுதல் கவனம் வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் அந்தப் பெயர்

ஜப்பானிய மொழியில் 'இரு' என்றால் இருத்தல். நம் 'இரு' போலவே ஒலிக்கிறது. இரண்டும் ஒத்து வருவது தற்செயலாகவே இருக்கட்டும், நினைவில் வைத்துக்கொள்ள வசதி. 'ஸகாயா' என்றால் மது விற்கும் கடை. இரண்டும் சேர்ந்ததுதான் இஸகாயா, அதாவது இருந்து குடிக்கும் கடை. எடோ என்ற ஆட்சிக் காலத்தில், அதாவது 1603-க்கும் 1868-க்கும் இடையில், மதுக்கடைகளில் அளந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவதுதான் வழக்கம். சிலர் கடையிலேயே நின்று ஒரு கிண்ணம் குடித்துவிட்டுப் போனார்கள். கடைக்காரர்களும் தொட்டுக்கொள்ள ஏதாவது சமைத்து வைக்க ஆரம்பித்தார்கள். அப்படி வளர்ந்ததுதான் இது.

இந்த 'இருப்பது'தான் முக்கியம். ராமென் நூடுல்ஸ் கடையில் இருபது நிமிடத்தில் சாப்பிட்டுவிட்டு எழுந்துவிடலாம். இஸகாயா அப்படிப்பட்ட இடமில்லை. இங்கே நீங்கள் சாப்பாட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் பாதி, உட்கார்ந்து பேசுவதற்கான பணம். இது மனதில் பதிந்துவிட்டால், கேட்காமலே ஒரு சின்னத் தட்டு ஏன் வருகிறது, எல்லாம் ஏன் கொஞ்சம் கொஞ்சமாக வருகிறது, சோறு ஏன் கடைசியில் வருகிறது என்பதெல்லாம் தானாக விளங்கும்.

எந்தக் கடை, எத்தனை மணிக்கு

பெரும்பாலான இஸகாயாக்கள் மாலை ஐந்து மணி வாக்கில் திறக்கும். ஐந்தில் இருந்து ஆறரைக்குள் போனால் முன்பதிவு இல்லாமலே இடம் கிடைக்கும். வெள்ளிக்கிழமை இரவும் விடுமுறைக்கு முந்தின நாளும் நெரிசல்தான். டிசம்பரில் அலுவலகக் கூட்டங்கள் ஆண்டு முடிவு விருந்துக்கு வந்து கடைகளை அடைத்துக்கொள்வார்கள். முதல் தடவை இரண்டு அல்லது மூன்று பேராகப் போவதே நல்லது. ஆறு பேரைப் பார்த்தால் சின்னக் கடைக்காரர் கையை விரித்துவிடுவார்.

கடை திறந்திருக்கிறதா என்று தெரிந்துகொள்ள வாசலைப் பாருங்கள். நோரென் என்ற துணித் திரை வெளியே தொங்கினால் கடை நடக்கிறது என்று பொருள். அதை உள்ளே எடுத்து வைத்துவிட்டால் கடை முடிந்தது. சிவப்புக் காகித விளக்கு எரிந்தால் அது சாதாரண மக்கள் போகும் கடை, விலை பயப்படும்படி இருக்காது என்று பொதுவாக நம்பலாம்.

தயக்கம் அதிகமாக இருந்தால் தொடர் கடைகளில் ஒன்றில் ஆரம்பியுங்கள். ஒசாகா பக்கம் 1985-இல் தொடங்கிய தோரிகிஸோகு அப்படி ஒன்று. ஏறக்குறைய எல்லாமே ஒரே விலை, முக்கியமாகக் குச்சியில் குத்திச் சுட்ட கோழிக்கறி. இது போன்ற கடைகள் பலவற்றில் மேசையிலேயே தொடுதிரை இருக்கும், அதை ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். வாயே திறக்காமல் சாப்பிட்டு முடித்துவிடலாம். கொஞ்சம் விமரிசையாக, வெளிநாட்டுக்காரர்களுக்குப் பழகின இடமாக வேண்டும் என்றால் டோக்கியோவின் நிஷி-அஸாபுவில் உள்ள கோன்பாச்சி. 2002 பிப்ரவரியில் பிரதமர் கொய்ஸுமி, அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ்ஷைக் கூட்டிக்கொண்டு போனது அங்கேதான். அதற்கு முன்பதிவு செய்துகொண்டு போங்கள்.

ஆனால் என்னைக் கேட்டால், ஒரு தடவையாவது எட்டுப் பேர் உட்காரும் கடையில் அடுப்புக்கு முன்னால் உட்கார வேண்டும். ஓமோயிதே யோகோச்சோ, யூராகுச்சோவில் ரயில் பாலத்தின் அடியில் இருக்கும் கடைகள், கிச்சிஜோஜியின் ஹார்மோனிகா யோகோச்சோ, அஸாகுஸாவின் ஹொப்பி தெரு எல்லாம் அதற்கு ஏற்ற இடங்கள். ஒசாகா போகிறவர்கள் தென்மாவையும் ஷின்ஸெகாயையும் விட வேண்டாம். ஷின்ஸெகாயில் குஷிகாட்சு என்ற பொரித்த குச்சிகள் பிரசித்தம். அங்கே பொதுக் கிண்ணத்தில் சாஸ் வைத்திருந்தால் குச்சியை ஒரே ஒரு தடவைதான் முக்க வேண்டும். கடித்த குச்சியை மறுபடி முக்கவே கூடாது.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஷின்ஜுகுவின் காபுகிச்சோ, ஷிபுயா போன்ற இடங்களில் தெருவில் நின்று "வாங்க, மலிவு, குடிக்கிற வரைக்கும் குடிக்கலாம்" என்று கூப்பிடுகிறவர்கள் பின்னால் போகாதீர்கள். ஊரிலிருந்து வந்த என் நண்பர் ஒருவர் அப்படிப் போய், இரண்டு பீருக்கும் ஒரு தட்டு அவரைக்கும் பன்னிரண்டாயிரம் யென் கொடுத்துவிட்டு வந்தார். இருக்கைக் கட்டணம், வார இறுதிக் கட்டணம், சேவைக் கட்டணம் என்று பில் நீண்டுகொண்டே போயிருந்தது. நல்ல கடைக்கு ஆள் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

புகை பிடிக்காதவர்கள் வாசலில் ஒட்டியிருக்கும் சின்ன அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். 2020 ஏப்ரலில் இருந்து உணவகங்களுக்குள் புகைக்கத் தடை இருந்தாலும், பழைய சின்னக் கடைகளுக்கு விலக்கு உண்டு. புகைக்க அனுமதி உள்ள கடைக்குள் இருபது வயதுக்குக் கீழ் உள்ளவர்களை விடமாட்டார்கள். குழந்தைகளோடு போகிறவர்கள் இதை முதலிலேயே கவனிக்க வேண்டும்.

உள்ளே நுழைவது

திரையை விலக்கிக் கதவைப் பக்கவாட்டில் தள்ளுங்கள். உள்ளே இருக்கிற எல்லாரும் ஒரே குரலில் "இரஷ்ஷாய்மாஸே!" என்பார்கள். வாருங்கள் என்று அர்த்தம். பதில் சொல்ல வேண்டியதில்லை, லேசாகத் தலையசைத்தால் போதும். அடுத்து "நன்மேய் ஸாமா?" என்று கேட்பார்கள், எத்தனை பேர் என்று. விரலைக் காட்டுங்கள். இடம் இல்லை என்றால் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்துப் பெருக்கல் குறி காட்டுவார்கள். அதில் கோபமோ வெறுப்போ கிடையாது. தலையசைத்துவிட்டு அடுத்த கடைக்குப் போங்கள்.

நாமாகப் போய் காலி நாற்காலியில் உட்காரக் கூடாது. அவர்கள் கை காட்டும் இடத்தில்தான் உட்கார வேண்டும். இரண்டு பேர் என்றால் பெரும்பாலும் அடுப்புக்கு எதிரே நீளப் பலகையில் இடம் கிடைக்கும். கடையிலேயே நல்ல இடம் அதுதான் என்பது என் எண்ணம். பாய் விரித்த மேடைப் பகுதி என்றால் செருப்பைக் கழற்றி வாசல் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள். சாவியாக ஒரு மரத்துண்டு இருக்கும், அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அன்றைக்கு ஓட்டையில்லாத காலுறை போட்டுக்கொண்டு போவது நல்லது. பாய்க்கு நடுவே குழி தோண்டி மேசை போட்டிருந்தால் காலைத் தொங்கவிட்டுக்கொள்ளலாம், முழங்கால் வலி உள்ளவர்களுக்கு அது பெரிய உதவி. கழிவறைக்குப் போகும்போது அங்கே வேறு செருப்பு இருக்கும். அதைப் போட்டுக்கொண்டு போய், திரும்பும்போது அங்கேயே விட்டுவிட்டு வாருங்கள்.

கேட்காமல் வரும் தட்டு

உட்கார்ந்ததும் சுருட்டிய ஈரத் துண்டு வரும். குளிர்காலத்தில் சூடாக இருக்கும். பெயர் ஒஷிபோரி. கையைத் துடைக்கத்தான் அது. முகத்தையும் கழுத்தையும் துடைப்பது அவ்வளவு மரியாதை இல்லை.

அதோடு நீங்கள் கேட்காமலே ஆளுக்கொரு சின்னக் கிண்ணம் வரும். கடற்பாசி இருக்கலாம், வேகவைத்த முள்ளங்கி இருக்கலாம், ஒரு துண்டு மீன் இருக்கலாம். இதற்கு ஒதோஷி என்று பெயர், ஒசாகா பக்கம் ட்சுகிதாஷி என்பார்கள். ஆளுக்கு 300 முதல் 500 யென் வரை பில்லில் ஏறும். இணையத்தில் பயணிகள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான். 'கேட்காததற்குக் காசா, ஏமாற்றிவிட்டார்கள்' என்று எழுதுகிறார்கள். ஏமாற்று இல்லை. இது உட்காரும் இடத்துக்கான வாடகை, அதைச் சும்மா வாங்காமல் ஒரு கிண்ணம் உணவோடு வாங்குகிறார்கள். பக்கத்து நாற்காலியில் இருக்கும் ஜப்பானியரும் அதே பணத்தைத்தான் கொடுக்கிறார். சில தொடர் கடைகளில் ஒதோஷியே கிடையாது, சில கடைகளில் வேண்டாம் என்று சொல்லவும் இடம் கொடுப்பார்கள். ஆனால் சின்னக் கடையில் இதற்காக வாதாடாதீர்கள். ஒரு நல்ல கடையின் கைப்பக்குவம் அந்தக் கிண்ணத்திலேயே தெரிந்துவிடும்.

முதல் கிளாஸ்

உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் குடிப்பதற்கு என்ன என்று கேட்பார்கள். மெனுவை முழுக்கப் படித்து முடிவு செய்ய அப்போது நேரம் கிடையாது. அதனால்தான் ஜப்பானியர்கள் "தோரியாஏஸு நாமா" என்கிறார்கள். 'இப்போதைக்கு ஒரு டிராஃப்ட் பீர்' என்று பொருள். எல்லாருக்கும் ஒரே மாதிரி வந்தால் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளாஸைத் தூக்கலாம், அதற்காகத்தான். விலை 500 முதல் 700 யென் வரை இருக்கும். எல்லார் கையிலும் கிளாஸ் வரும் வரை யாரும் வாய் வைக்கக் கூடாது. வந்ததும் "கம்பாய்!" அதற்கு அப்புறம் அவரவர் விருப்பம்.

பீர் பிடிக்காதவர்களுக்கு விஸ்கியில் சோடா கலந்த ஹைபால், எலுமிச்சை பிழிந்த லெமன் சவர், உமே பழத்தை ஊறவைத்த இனிப்பான உமெஷு எல்லாம் உண்டு. ஷோச்சு என்பது சர்க்கரைவள்ளிக் கிழங்கு, பார்லி, அரிசி ஆகியவற்றில் வடிப்பது. வெந்நீர் கலந்தும் குடிப்பார்கள், குளிருக்கு இதமாக இருக்கும். அஸாகுஸா பக்கம் ஹொப்பி கேட்டுப் பாருங்கள். 1948-இல் வந்த, பீர் மாதிரி ருசிக்கும் பானம் அது. ஐஸும் ஷோச்சுவும் போட்ட கிளாஸ் ஒன்று, ஹொப்பி பாட்டில் ஒன்று என்று தனித்தனியாகத் தருவார்கள், நாம் கலந்துகொள்ள வேண்டும். கிளாஸ் காலியாகி பாட்டிலில் மிச்சம் இருந்தால் "நாகா" என்று மட்டும் சொல்லுங்கள், 'உள்ளே இருப்பது' என்று அர்த்தம், ஷோச்சு மட்டும் வரும்.

ஸாகே என்று நாம் சொல்லும் அரிசி மதுவை அங்கே நிஹோன்ஷு என்று கேட்க வேண்டும். ஜப்பானியத்தில் ஸாகே என்றால் மது எல்லாமே அதில் அடங்கும். பழைய கடைகளில் இதை ஊற்றும் முறை ஒன்று இருக்கிறது, ஒருமுறை கிட்டத்தில் இருந்து பார்க்க வேண்டும். மரத்தால் செய்த ஒரு சதுரப் பெட்டி, அதன் நடுவில் ஒரு சின்னக் கிளாஸ். கடைக்காரர் பெரிய பாட்டிலை இரண்டு கையாலும் பிடித்து மெல்லச் சாய்க்கிறார். கிளாஸ் நிறைகிறது. அவர் நிறுத்துவதில்லை. விளிம்புக்கு மேலே ஒரு கணம் நடுங்கிக்கொண்டு நின்று, அப்புறம் எல்லாப் பக்கமும் வழிந்து பெட்டிக்குள் இறங்குகிறது. பெட்டி பாதி நிறைந்ததும் பாட்டிலை நிமிர்த்துகிறார். இதற்கு மொக்கிரி என்று பெயர். கிளாஸைத் தூக்க முயலாதீர்கள், சிந்திவிடும். குனிந்து, மேசையில் இருக்கும்போதே முதல் வாய் உறிஞ்சுங்கள். அளவு குறைந்ததும் தூக்கிக்கொள்ளலாம். பெட்டியில் வழிந்ததைக் கிளாஸில் ஊற்றிக் குடிக்கலாம், பெட்டியின் மூலையில் வாய் வைத்தும் குடிக்கலாம்.

குடிக்காதவர்கள் தயங்கவே வேண்டாம். "ஊலாங் சா" என்றால் போதும், ஐஸ் போட்ட கசப்பான தேநீர் பெரிய கிளாஸில் வரும். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். இஞ்சி ஏல், கல்பிஸ் என்ற புளிப்பினிப்புப் பால் பானம், மதுவில்லாத பீர் எல்லாம் கிடைக்கும். ஒன்று மட்டும் முக்கியம்: ஆளுக்கு ஒரு பானமாவது வாங்க வேண்டும். 'எனக்குத் தண்ணீர் போதும்' என்பது இங்கே செல்லாது, கடையின் வரும்படியே பானத்தில்தான்.

சட்டப்படி குடிக்க இருபது வயது ஆக வேண்டும். 2022-இல் வயது வந்தோர் வயதைப் பதினெட்டாகக் குறைத்தபோதும் இதை மாற்றவில்லை. குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுவதும் குற்றம். 2024 நவம்பரில் அதற்கான தண்டனையைக் கடுமையாக்கிவிட்டார்கள்.

சாப்பாடு கேட்பது

நம்மவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, வேண்டியதையெல்லாம் ஒரே மூச்சில் கேட்டுவிடுவது. மேசை சின்னது. எல்லாம் சமைத்தவுடன் சமைத்தவுடன் வரும், பாதி ஆறிப்போகும். இரண்டு பேர் என்றால் முதலில் மூன்று தட்டு போதும். அது முடியும்போது அடுத்த இரண்டு. இப்படியே போக வேண்டும்.

முதல் சுற்றில் உடனே வரக்கூடியதைக் கேளுங்கள்: உப்பிட்டு வேகவைத்த எதாமாமே என்ற பச்சை சோயா அவரை, ஹியயாக்கோ என்ற குளிர்ந்த தோஃபு (சோயா பாலில் செய்த கட்டி), உருளைக்கிழங்கு சாலட், ஊறுகாய். அதைக் கொறித்துக்கொண்டே மெனுவைப் படிக்கலாம். அடுத்து மீன் சாப்பிடுகிறவர்கள் ஸஷிமி என்ற பச்சை மீன் துண்டுகளைக் கேட்கலாம். "மொரியாவஸே" என்றால் அன்றைக்கு நன்றாக இருக்கும் மூன்று நான்கு வகையைச் சேர்த்து ஒரே தட்டில் தருவார்கள். அப்புறம் சுட்டது, பொரித்தது. கராஆகே என்ற பொரித்த கோழியை விரும்பாத தமிழரை நான் பார்த்ததில்லை, எலுமிச்சையைப் பிழிந்து சூட்டோடு சாப்பிட வேண்டும்.

யகிதோரி என்ற கோழிக் குச்சிகள் வரக் கால் மணி நேரமாவது ஆகும் என்பதால் முதல் பானத்தோடேயே சொல்லிவிடுங்கள். ஒரு குச்சி 150 முதல் 300 யென் வரை. மோமோ என்றால் தொடைக்கறி, நெகிமா என்றால் நடுநடுவே வெங்காயத்தண்டு வைத்தது, ட்சுகுனே கொத்துக்கறி உருண்டை, கவா தோல், ஸுனாகிமோ இரைப்பை, ஹாட்சு இதயம். ஒவ்வொன்றுக்கும் "தாரே, ஷியோ?" என்று கேட்பார்கள். தாரே இனிப்பான சோயா குழம்பு, ஷியோ வெறும் உப்பு. கொத்துக்கறிக்குத் தாரேயும் தோலுக்கும் இரைப்பைக்கும் உப்பும் எனக்குப் பிடித்தவை. மேசையில் ஷிச்சிமி என்ற ஏழு பொருள் கலந்த மிளகாய்ப் பொடி இருக்கும். நம் நாக்குக்கு அது பெரிய ஆறுதல்.

பன்றி, மாட்டிறைச்சி தவிர்ப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சுட்ட குச்சி எல்லாமே கோழி அல்ல. 'யகிதோன்' என்றால் பன்றி. 'மொட்சு', 'ஹோருமோன்' என்றால் மாடு அல்லது பன்றியின் குடல், உள்ளுறுப்புகள். போருக்குப் பின் உணவுப்பொருள் எல்லாம் அரசின் கட்டுப்பாட்டில் இருந்த காலத்தில், கட்டுப்பாட்டுக்குள் வராத உள்ளுறுப்புகளைச் சுட்டு விற்றுத்தான் ஓமோயிதே யோகோச்சோ பிழைத்தது. இன்றும் அந்தச் சந்தில் பல கடைகளின் பெருமையே அதுதான். மாடு 'க்யூ', பன்றி 'புதா', கோழி 'தோரி'. இந்த மூன்று சொல்லையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

ஆளைக் கூப்பிட "ஸுமிமாஸேன்!" என்று சத்தமாகச் சொல்ல வேண்டும். மெல்லச் சொல்லிக் கையைப் பாதி தூக்கினால் யாரும் வர மாட்டார்கள். இங்கே கத்திக் கூப்பிடுவதுதான் முறை. மேசையில் அழுத்தும் மணி இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மெனுவில் விரலை வைத்து "கொரே, ஹிதோட்சு" என்றால் இது ஒன்று, "ஃபுதாட்சு" என்றால் இரண்டு. சுவரில் தொங்கும் கையெழுத்துச் சீட்டுகளில்தான் அன்றைய நல்ல சரக்கு இருக்கும். போனை நீட்டி மொழிபெயர்த்துப் பாருங்கள், புரியாவிட்டால் "ஒஸுஸுமே வா?" என்று கேளுங்கள். எது நன்றாக இருக்கும் என்று கேட்பது அது. அந்தக் கேள்வியில் கடைக்காரரின் முகம் மலர்வதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன்.

கடைசியாக வருவது ஷிமே. முடித்து வைப்பது என்று பொருள். சோறும் நூடுல்ஸும் இதில்தான் அடங்கும். சுட்ட சோற்று உருண்டையான யாகி ஒனிகிரி, சோற்றின் மேல் தேநீரோ சூப்போ ஊற்றிய ஒச்சாஸுகே, இப்படி ஏதாவது ஒன்று. நமக்குச் சோறு முதலில் வராவிட்டால் சாப்பிட்ட மாதிரியே இருக்காது. ஆனால் இங்கே சோறு வந்தால் மாலை முடிகிறது என்று அர்த்தம்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு

பொள்ளாச்சிப் பக்கத்தில் இருந்து வந்திருந்த உறவினர் ஒருவரோடு ஒரு தடவை இஸகாயா போனேன். சுத்த சைவம். தோஃபு சைவம்தானே என்று ஆகேதாஷி தோஃபு சொன்னார். பொரித்த தோஃபு, சுற்றிலும் இளஞ்சூட்டுச் சாறு, மேலே மரச்சீவல் மாதிரி மெல்லிய பழுப்புச் செதில்கள். சூட்டில் அந்தச் செதில்கள் சுருண்டு நெளிந்து ஆடிக்கொண்டிருந்தன. அவர் அதை ரசித்துப் பார்த்துவிட்டுச் சாப்ஸ்டிக்கை எடுத்தார். நான்தான் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டியிருந்தது. அந்தச் செதில் கட்சுவோபுஷி, காயவைத்துப் புகையூட்டிச் சீவிய சூரை மீன். அடியில் இருந்த சாறும் அதே மீனில் எடுத்ததுதான்.

அந்தச் சாறுதான் தாஷி. ஜப்பானியச் சமையலுக்கு அது நம் புளிக்கரைசல் மாதிரி, எதிலும் இருக்கும். மிஸோ சூப்பில், முட்டை ரோலில், வேகவைத்த காய்கறியில், மாவில் தோய்த்துப் பொரித்த தெம்புராவுக்குத் தொட்டுக்கொள்ளும் குழம்பில். "வெஜிடேரியன்" என்று சொன்னால் இறைச்சித் துண்டை எடுத்துவிட்டுத் தருவார்கள், தாஷியை யாரும் மீன் என்று நினைப்பதே இல்லை. எனவே பொதுவாகச் சொல்லாமல் தட்டின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

நம்பிக் கேட்கக்கூடியவை என் அனுபவத்தில் இவை: எதாமாமே. ஹியாஷி தொமாதோ, குளிர்ந்த தக்காளித் துண்டுகள், உப்பு தொட்டுக்கொள்ள. ஹியயாக்கோ, "கட்சுவோபுஷி நாஷி தே" என்று சொல்லி, அதாவது அந்தச் செதில் இல்லாமல். குச்சியில் குத்திச் சுட்ட ஷிஷிதோ மிளகாய், ஷீதாகே காளான், வெங்காயத்தண்டு, மூன்றுக்கும் உப்பு மட்டும். இலையுதிர் காலத்தில் கின்னான் என்ற கொட்டை, மரகதப் பச்சையில் லேசான கசப்போடு இருக்கும், கிடைத்தால் விடாதீர்கள். வெறும் சோறு எப்போதும் உண்டு. பொரித்த உருளைக்கிழங்கும் உண்டு, ஆனால் கோழி பொரித்த அதே எண்ணெயாக இருக்கும். உருளைக்கிழங்கு சாலடில் ஹாம் கலந்திருப்பது சகஜம். சுடும் கம்பியும் எல்லாவற்றுக்கும் பொதுதான்.

"நிகு தோ ஸகானா வா தாபேமாஸேன்", கறியும் மீனும் சாப்பிட மாட்டேன் என்பது. இதோடு தாஷியும் கூடாது என்பதை ஜப்பானிய மொழியில் ஒரு சீட்டில் எழுதி வாங்கி வைத்துக்கொண்டால் ஒதோஷி வரும் முன்பே காட்டிவிடலாம். பல கடைக்காரர்கள் கிண்ணத்தை மாற்றித் தருவார்கள். மிகக் கண்டிப்பான சைவம் என்றால், இரவுச் சாப்பாட்டை வேறிடத்தில் முடித்துவிட்டு வாருங்கள். இங்கே தக்காளியும் அவரையும் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்திருங்கள். அதுவே போதுமான அனுபவம். ஹலால் பார்ப்பவர்களுக்கு இன்னும் சிரமம், குழம்புகளில் மிரின் என்ற இனிப்பான சமையல் மதுவும் ஸாகேயும் சேர்ந்திருக்கும்.

மேசையில் நடந்துகொள்வது

பட்டியல் போட்டால் பயமாக இருக்கும், உண்மையில் சிலதுதான் முக்கியம். சாப்ஸ்டிக்கைச் சோற்றில் செங்குத்தாகக் குத்தி வைக்காதீர்கள். ஒருவர் சாப்ஸ்டிக்கில் இருந்து இன்னொருவர் சாப்ஸ்டிக்குக்கு உணவை மாற்றாதீர்கள். இரண்டுமே இறந்தவருக்குச் செய்யும் சடங்கை நினைவூட்டுபவை. தகனத்துக்குப் பின் எலும்பை அப்படித்தான் கைமாற்றி எடுப்பார்கள். தட்டுகள் எல்லாருக்கும் பொது, அவரவர் சின்னத் தட்டில் எடுத்து வைத்துச் சாப்பிட வேண்டும். பாட்டில் பீர் வாங்கினால் அடுத்தவர் கிளாஸை நாம் நிறைப்பதும் நம் கிளாஸை அவர் நிறைப்பதும் வழக்கம். தீர்ந்த குச்சிகளைப் போட ஒரு குவளை இருக்கும்.

பக்கத்தில் இருப்பவர் பேச்சுக் கொடுத்தால் பேசுங்கள். நீளப் பலகையில் உட்கார்ந்தால் அது நடந்தே தீரும். படம் எடுப்பதானால் கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, மற்றவர்கள் முகம் விழாமல் எடுங்கள். சின்னக் கடையில் வாசலில் ஆட்கள் காத்திருந்தால், ஒரு மணி ஒன்றரை மணியில் எழுந்துவிடுவது மரியாதை. தொடர் கடைகளில் இரண்டு மணி நேரம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள்.

நொமிஹோதாய் என்று ஒன்று இருக்கிறது: குறித்த பணத்துக்கு ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் எவ்வளவு வேண்டுமானாலும் குடிக்கலாம். மேசையில் இருக்கும் எல்லாரும் சேர்ந்துதான் எடுக்க வேண்டும், முடிய அரை மணி முன்பே கடைசி ஆர்டர் வாங்கிவிடுவார்கள். மூன்று கிளாஸுக்கு மேல் போகாதவர்களுக்கு இதில் லாபமில்லை. முதல் தடவை வேண்டாம் என்பதே என் யோசனை, பணத்துக்குக் குடிக்க வேண்டும் என்ற அவசரம் வந்துவிட்டால் உட்கார்ந்திருப்பதன் சுகம் போய்விடும்.

பில்

"ஓகாய்கேய் ஒனேகாய்ஷிமாஸ்" என்று சொல்லுங்கள். தூரத்தில் இருந்தால் இரண்டு ஆட்காட்டி விரலையும் குறுக்கே வைத்துக் காட்டினாலும் புரியும். மேசையில் சீட்டு இருந்தால் அதை எடுத்துக்கொண்டு வாசல் பக்கம் இருக்கும் கல்லாவில் கட்ட வேண்டும். சின்னக் கடையில் உட்கார்ந்த இடத்திலேயே கட்டலாம். பணத்தைக் கையில் கொடுக்காமல் முன்னால் இருக்கும் சின்னத் தட்டில் வையுங்கள். மெனு விலையில் 10 சதவீத வரி சேர்ந்ததா இல்லையா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது: 'ஸெய்கோமி' என்றால் சேர்ந்தது, 'ஸெய்னுகி' என்றால் சேராதது. இரவு பத்து மணிக்கு மேல் சில கடைகளில் தனியாக ஒரு கட்டணம் ஏறும். சாதாரணக் கடையில் இரண்டு மூன்று பானமும் நாலைந்து தட்டும் பங்கிட்டுச் சாப்பிட்டால் ஆளுக்கு 3,000 முதல் 4,000 யென் ஆகும்.

டிப்ஸ் வைக்காதீர்கள். விட்டுவிட்டு வந்தால், மறந்துவிட்டதாக நினைத்து ரோடு வரை ஓடி வந்து கையில் கொடுப்பார்கள். பழைய கடைகளில் கார்டு எடுப்பதில்லை, அதனால் ஆளுக்கு ஐயாயிரம் யென்னாவது ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். மிச்சத்தைப் பொட்டலம் கட்டிக் கேட்பதும் பொதுவாக வழக்கமில்லை, பச்சை மீன் புழங்கும் இடம் என்பதால் தர மாட்டார்கள்.

ரயில்கள் நள்ளிரவு வாக்கில் நின்றுவிடும், டாக்சி விலை அதிகம். கடைசி ரயில் நேரத்தை வரும்போதே போனில் பார்த்து வைத்துக்கொண்டு அரை மணி முன்பே எழுந்திருங்கள். வாசலில் குடை வைத்திருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். திரையை விலக்கும் முன் திரும்பி அடுப்புப் பக்கம் பார்த்து, "கோச்சிஸோஸாமா தெஷிதா" என்று சொல்லுங்கள். சாப்பாட்டுக்கு நன்றி என்பது அது. குச்சியைத் திருப்பிக்கொண்டிருக்கும் கை ஒரு கணம் நின்று, புகைக்கு அந்தப் பக்கத்தில் இருந்து பதில் குரல் வரும்.